"சிஸ்டம் எடுக்கலம்மா" என்று இனி நான் சொல்ல மாட்டேன்

பெங்களூரு வைட்ஃபீல்டு பக்கத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாகத்துக்கும் அதன் எச்.ஆர். தலைமைக்கும் டைம் ஆபீஸிலிருந்து ஒரு திறந்த மடல்

சார், மேடம்,

போன திங்கட்கிழமை கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினீர்கள். வரும் 1-ஆம் தேதி முதல், வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸின் ஜன்னல் கிடையாது. வருகைப் பதிவில் தப்பு இருந்தால் தொழிலாளர்களே செல்போன் ஆப்பில் திருத்தம் கேட்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறைதான் கேட்கலாம். மூன்றாவதை ஆப்பே தள்ளிவிடும். சந்தேகம் வந்தால் சாட்பாட் பதில் சொல்லும். கடைசி வரியில் "மனிதத் தலையீடு இல்லாத, பாரபட்சமற்ற நிர்வாகம்" என்று போட்டிருக்கிறது.

அந்த மனிதத் தலையீடு நான்தான். பத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். நோட்டீஸ் இங்கிலீஷில் மட்டும் இருந்ததால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஐம்பது பேர் என்னிடம் வந்து "என்னக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். ஜன்னலை மூடப் போகிற சேதியை ஜன்னலில் வந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. கன்னடம் சரளமாகப் பேசுவேன், எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். இங்கிலீஷில் எழுதினால் உங்களுக்குப் புரியும், லைனில் இருக்கிறவர்களுக்குப் புரியாது. உங்களில் மூன்று பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். மற்றவர்களுக்கு அவர்கள் வாசித்துக் காட்டட்டும்.

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பாசஞ்சர் ரயிலில் நீங்கள் ஏறியிருக்க மாட்டீர்கள். கோலார் தங்கவயல் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்குச் சோறு போடுவது அந்த ரயில்தான். என் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர், பிள்ளைகள் நாங்கள் ரயில் ஏறியவர்கள். பங்காரப்பேட்டை, மாலூர் என்று நின்று நின்று அது வைட்ஃபீல்டு வந்து சேரும்போது, உள்ளே இருக்கிற பெண்களுக்கு நாளின் பாதி முடிந்திருக்கும். நம் கம்பெனிக்கு அதில் வருகிறவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது.

பிப்ரவரியில் ஒரு நாள், ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வேண்டி அது மாலூரில் நின்றுவிட்டது. ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்த பதினேழு பெண்கள் 8.41-க்கு மிஷினில் முகத்தைக் காட்டினார்கள். ஷிப்ட் 8.30. கிரேஸ் டைம் பத்து நிமிஷம். பதினோராவது நிமிஷத்துக்கு மிஷின் எல்லோருக்கும் அரை நாள் வெட்டியது.

கணக்குக்கு வசதியாக ஒருத்தியின் சம்பளம் 13,000 ரூபாய், வேலை நாள் 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 500. எட்டு மணி நேரத்தில் 480 நிமிஷம். பதினோரு நிமிஷத்தின் விலை 11 ரூபாய் 46 காசு. பிடித்தது 250 ரூபாய். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், 9-ஆம் பிரிவு: ஆள் எவ்வளவு நேரம் வரவில்லையோ அந்த விகிதத்துக்கு மேல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதன் இடத்துக்கு வந்திருக்கிற 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. நம் மென்பொருளில் மட்டும் இல்லை.

அன்றைக்குப் பதினேழு பேருக்கும் நான் கையால் திருத்தினேன், "ரயில் லேட்" என்று எழுதி. இரண்டாம் நாள் எனக்கு மெயில் வந்தது: ஒரே நாளில் பதினேழு திருத்தம் ஏன்? இந்த நோட்டீஸுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன். வெட்டு சரியா என்று யாரும் கேட்கவில்லை, திருத்தியது ஏன் என்றுதான் கேட்டீர்கள்.

ஜன்னல் காலம் பொற்காலம் என்று நான் கதை விடப் போவதில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இருபது ரூபாய்க்கு ஆஜர் போட்டது ஃபேக்டரிக்கே தெரியும். அவருக்கு ஆகாதவள் என்றால் ஓவர்டைம் மணி தானாகக் குறையும். அந்த அநியாயத்தை ஒழித்தது இந்த மென்பொருள்தான். ஓவர்டைம் கணக்கு இப்போது காசு பிசகாமல் வருகிறது, மாசம் முடிந்த ஏழாம் தேதிக்குள் சம்பளம் ஏறிவிடுகிறது. பேரேடு திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பழைய வருகைப் பேரேட்டில், அதாவது மஸ்டர் ரோலில், வலது ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. ரிமார்க்ஸ். "பையனுக்கு வலிப்பு." "தண்ணி லாரி வரலை." "பஸ் மறியல்." பென்சிலில் எழுதுவோம். மாசக் கடைசியில் மேனேஜர் அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். கம்ப்யூட்டருக்கு மாறியபோது எல்லாக் கட்டமும் வந்தது, அது மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அந்த ரூமில் இருந்தேன்.

2022 ஆகஸ்ட். மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு பையன் லேப்டாப்போடு வந்திருந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும், மூன்று நாளும் ஒரே நீலச் சட்டை. திரையில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டி எப்படி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தான். லேட் வருகை என்ற பக்கம் வந்தது. "தொழிலாளி காரணம் எழுத ஒரு பாக்ஸ் இருக்கு மேடம், வச்சிக்கலாமா?" அது ஏற்கெனவே டிக் ஆகித்தான் இருந்தது. உங்களில் ஒருவர் சொன்னார்: "வேணாம்ப்பா, பாக்ஸ் இருந்தா எல்லாரும் காரணம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையன் டிக்கை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்கப்புறம் இந்த மூன்று வருஷத்துக்கு மேலாக நான் ஜன்னலில் உட்கார்ந்து "சிஸ்டம் எடுக்கலம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில். ஏதோ மழை பெய்யவில்லை என்பது மாதிரி. சிஸ்டத்தை எடுக்க விடாமல் செய்தது அந்த ரூமில் இருந்த நாம் ஏழு பேர். ரிசப்ஷன் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மூன்று வார்த்தை மாட்டியிருக்கிறீர்கள்: மரியாதை, நேர்மை, பரிவு. நம் துணியை வாங்குகிற பையர் வந்தால் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பரிவுக்கு நம் மென்பொருளில் ஒரு பெட்டி இருந்தது. அதன் டிக்கைத்தான் அன்றைக்கு எடுத்தோம்.

இனி என் தப்பு ஒன்று. கட்டிங் செக்‌ஷனில் ஆம்பூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன். அப்பா குடும்பத்தைக் கவனிக்காதவர். படிக்க வைத்தது, பெங்களூருக்குக் கூட்டி வந்தது, இங்கே சேர்த்துவிட்டது எல்லாம் தாய்மாமன். அந்த மாமன் செத்துப்போனார். துக்க விடுப்புக்கு உறவு எது என்று ஒரு பட்டியல் வரும்: தந்தை, தாய், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர். அவ்வளவுதான். மாமன் இல்லை, அத்தை இல்லை, தாத்தா பாட்டிகூட இல்லை. காது குத்தும்போது யார் மடியில் உட்கார்ந்தானோ அவருக்குப் பட்டியலில் இடமில்லை. ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஜன்னலில் வந்து நின்றான். நான் சொன்னேன்: "அப்பான்னு போட்டுடு தம்பி, சிஸ்டம் வேற எதையும் எடுக்காது." போட்டான். மூன்று நாள் விடுப்பு கிடைத்தது.

இந்த வருஷம் அவனுடைய அப்பாவே போய்விட்டார். விண்ணப்பம் போட்டான். "இந்த உறவுக்கு விடுப்பு ஏற்கெனவே எடுக்கப்பட்டுள்ளது" என்று திரும்பி வந்தது. அதோடு நிற்கவில்லை, பொய்த் தகவல் தந்ததாகத் தானாகவே விளக்கம் கேட்கிற ஒரு ஷோ காஸ் நோட்டீஸும் உருவாகி, உங்கள் கையெழுத்தின் ஸ்கேனோடு அவன் போனுக்குப் போயிற்று. கருமாதி முடிந்து, தலையும் மீசையும் மழித்து, கேட்டில் வந்து மிஷின் முன்னால் நின்றான். முகம் பொருந்தவில்லை என்றது. மூன்று தடவை. பின்னால் வரிசை நின்றது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். சார், அந்தப் பார்வைக்கு உங்கள் சாட்பாட் என்ன பதில் சொல்லும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மிஷின் தப்பே செய்யாது என்று நீங்கள் நம்புவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜாய் புவலம்வினி என்ற பெண் 2018-இல், மூன்று கம்பெனிகளின் முக ஆய்வு மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்டார். படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெளுத்த ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போயிற்று. பழைய மென்பொருள்தான், இப்போது தேறியிருக்கலாம். ஆனால் நம் கேட்டில் இருப்பது எந்த முகங்களைப் பார்த்துப் பழகியது என்று வாங்கும்போது நம்மில் யார் கேட்டோம்? விலையைத்தான் கேட்டோம். இந்த லைனில் இருக்கிற முகங்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொருத்தி. யாரென்று சொல்ல மாட்டேன், எந்த வருஷம் என்றும் சொல்ல மாட்டேன். செக்கிங் டேபிளில் நாள் பூராவும் நின்றபடி வேலை. மூன்றாம் மாசத்தில் கரு கலைந்துவிட்டது. 1961-ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டப்படி அவளுக்கு ஆறு வாரம் ஊதியத்தோடு ஓய்வு இருந்தது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவள் என்பதால் அந்தப் பணத்தையும் இ.எஸ்.ஐ.தான் தந்திருக்கும், கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. அவள் "காய்ச்சல்" என்று போட்டு நாலு நாள் விடுப்பு எடுத்துவிட்டு ஐந்தாம் நாள் வந்து டேபிளில் நின்றாள். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "காரணம் சூப்பர்வைசர் ஸ்கிரீன்ல வரும்க்கா. அந்தாளு காலைல ஹெட்கவுன்ட்ல சத்தமா படிப்பான்" என்றாள். உண்மைதான். விடுப்புக் காரணம் லைன் சூப்பர்வைசருக்கு அப்படியே தெரிகிற மாதிரிதான் நாம் வைத்திருக்கிறோம். மானமா ஓய்வா என்று அவளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது ஒரு செட்டிங். 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை மாதவிடாய்க்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு தர ஒப்புதல் கொடுத்தது. நம் பட்டியலில் அது இன்னும் வரவில்லை. வந்தாலும், சூப்பர்வைசர் ஸ்கிரீனில் தெரிகிற வரைக்கும் ஒருத்தியும் அதைத் தொட மாட்டாள்.

பெயர் விஷயம் சிரிப்பாக இருக்கும். சர்நேம் கட்டாயம் என்கிறது மென்பொருள். எங்களுக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. ஒரே எழுத்தைப் போட்டால் ஏற்காது, புள்ளி வைத்தால் ஏற்காது. "என்.ஏ." என்று அடித்தேன், ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு நம் கம்பெனியில் இருநூறு சொச்சம் பேர் என்.ஏ. குடும்பத்தார். ஆதாரில் ஒன்று, பி.எஃப்.-இல் ஒன்று என்று பணம் எடுக்கப் போகிறவர்களைத் திருப்பி அனுப்பும்போதுதான் சிரிப்பு நின்றுபோகிறது. பி.எஃப். இந்தப் பெண்களுக்கு என்னவென்று பெங்களூரு 2016 ஏப்ரலில் பார்த்தது. கம்பெனி பங்கை 58 வயசு வரை எடுக்க முடியாது என்று டெல்லியில் போட்ட விதியை எதிர்த்து, பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை மறித்தார்கள். அடுத்த நாளே அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது. நான் பயமுறுத்தவில்லை. மேஜையில் நியாயமாகத் தெரிகிற விதி லைனில் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே கேட்டால் ரோட்டுக்கு வர வேண்டியிருக்காது என்று சொல்கிறேன்.

ஆப் இங்கிலீஷில் இருக்கிறது. கர்நாடகத்தில் ஓடுகிற கம்பெனியில் கன்னடம்கூட இல்லை. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டமே, வேலை விதிகளைப் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் வாசலருகே ஒட்டி வைக்கச் சொன்னது. வாசல் என்றதும் ஞாபகம் வருகிறது: காலையில் கேட்டிலேயே செக்யூரிட்டி எல்லோருடைய போனையும் வாங்கி லாக்கரில் பூட்டிவிடுகிறார். அது நீங்கள் போட்ட விதி. ஆப்பில் கேள் என்பதும் நீங்கள் போட்ட விதி. திருத்தம் கேட்க வேண்டியவள் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய், மகன் கேம் ஆடி முடித்த பிறகு அந்த போனை வாங்கி, தெரியாத பாஷையில், மாதத்துக்கு இரண்டே முறை கேட்க வேண்டும். இரண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ரயில் மாதத்தில் இரண்டு தடவைதான் லேட்டாக வரும் என்று ரயில்வே எழுதிக் கொடுத்திருக்கிறதா?

நான் கேட்பது இவை.

1-ஆம் தேதிக்கான நோட்டீஸை நிறுத்தி வையுங்கள். ஆப் இருக்கட்டும், ஜன்னலும் இருக்கட்டும். ஜன்னலில் நான்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. திருத்துகிற அதிகாரம் உள்ள ஒரு ஆள் ஒவ்வொரு ஷிப்டிலும் உட்கார வேண்டும். அவர் செய்கிற திருத்தங்களை மாதம் ஒருமுறை வேறு ஒருவர் சரிபார்க்கட்டும், பாரபட்சத்துக்கு அது போதும். மாதம் இரண்டு என்ற வரம்பை எடுத்துவிடுங்கள். ஒரு கோரிக்கையை மறுத்தால், யார் மறுத்தார், எதற்காக என்று மூன்று வேலை நாளில் பதில் வர வேண்டும்.

2022-இல் எடுத்த அந்த டிக்கைத் திரும்பப் போடுங்கள். லேட்டுக்கு நிமிஷக் கணக்கில் மட்டும் பிடியுங்கள். இதுவரை அரை நாளாக வெட்டியதில் அதிகப்படியானதைத் திருப்பிக் கொடுங்கள். நான் திருத்த முடியாமல் போன நாட்கள் தேதி, டோக்கன் நம்பரோடு என் நோட்டில் இருக்கின்றன. கேட்டால் அதே நாளில் தருகிறேன்.

துக்க விடுப்பில் உறவை அவரவர் எழுதிக்கொள்ளக் காலி இடம் விடுங்கள். கட்டிங் தம்பியின் மேல் இருக்கிற ஷோ காஸை ரத்து செய்யுங்கள். பொய் சொல்லச் சொன்னவள் நான். மெமோ கொடுப்பதாக இருந்தால் எனக்குக் கொடுங்கள், பதில் எழுதுகிறேன்.

உடம்பு சம்பந்தமான காரணம் எதுவும் சூப்பர்வைசர் ஸ்கிரீனில் தெரியக் கூடாது. "விடுப்பு" என்ற ஒரு சொல் அவருக்குப் போதும். விவரம் நர்ஸுக்கும் எச்.ஆர்.-இல் ஒரு பெண்ணுக்கும் மட்டும் தெரியட்டும். கருச்சிதைவு விடுப்பும் மாதவிடாய் விடுப்பும் பட்டியலில் வர வேண்டும். முகம் பொருந்தவில்லை என்றால் டோக்கன் நம்பரைச் சொல்லி உள்ளே போக வழி வேண்டும், அந்த நேரத்தை லேட்டில் சேர்க்கக் கூடாது. பெயரை ஆதாரில் இருக்கிறபடியே ஏற்கச் செய்து, பழைய என்.ஏ.க்களைக் கம்பெனி செலவில் திருத்திக் கொடுங்கள். ஆப்பில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா வேண்டும்.

அடுத்த முறை அந்தப் பையன் லேப்டாப்போடு வரும்போது, லைனிலிருந்து இரண்டு பேர் அந்த ரூமில் உட்கார வேண்டும். ஒருத்தி ரயிலில் வருகிறவளாக இருக்கட்டும்.

வருகிற 25-ஆம் தேதிக்குள் பதில் வேண்டும், கன்னடத்திலும் தமிழிலும். ஆப்பில் அனுப்பாதீர்கள். கேன்டீன் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் போன் கேட்டில் பூட்டியிருக்கும்.

டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து,
பத்தொன்பது வருஷ ஊழியர் ஒருத்தி
பெங்களூரு